பௌதிகவியல் படிக்க நிற்கும் தங்கைக்கு எந்தக் கம்பஸை (பல்கலைக்கழகத்தை) விண்ணப்பத்தில் முதலில் போடுவது?

பரந்தன்_வைண்டிங் (ஞாயிறு இரவு)

வணக்கம். பரந்தனில் தண்ணீர்ப் பம்பு மோட்டர் சுற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். நான் ஓ.எல்லோடு (சாதாரணதரத்தோடு) நின்றவன், கேள்வியில் பிழை இருந்தால் திருத்துங்கள். தங்கை இம்முறை கணிதப் பிரிவில் உயர்தரம் (ஏ.எல்) எடுத்தாள். பௌதிகவியல் ஏ, இணைந்த கணிதம் பி, இரசாயனவியல் சி. கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியைப் போன வருடத்து வெட்டுப்புள்ளியோடு வைத்துப் பார்த்தால் எங்கள் மாவட்டத்தில் பொறியியலுக்கு எல்லையில் நிற்கிறாள், பௌதிக விஞ்ஞானத்துக்கு எப்படியும் வரும் என்று அவளுடைய சேர் சொல்கிறார். வீட்டில் எல்லோரும் பொறியியல் என்று நிற்க, அவள் மட்டும் பௌதிகவியல்தான் என்கிறாள். பிடிவாதத்தில் சொல்வதாகத் தெரியவில்லை, நாலைந்து மாதமாக ஒரே பேச்சுத்தான்.

அவளைப் பற்றி ஒன்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். செம்புக் கம்பியின் தடிப்புப் பார்க்க என்னிடம் ஒரு திருகுக் கணிச்சி இருக்கிறது. உயர்தரம் தொடங்கிய முதல் மாதம் கடைக்கு வந்தவள் அதை எடுத்து, கம்பி ஒன்றும் வைக்காமல் சும்மா மூடிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது வெறுமையிலேயே மூன்று கோடு காட்டுது, இவ்வளவு நாளும் எல்லாக் கம்பியையும் 0.03 மில்லிமீற்றர் கூட்டித்தான் அளந்திருக்கிறீங்கள்" என்றாள். அதற்குப் பூச்சிய வழு என்று பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதற்குப் பிறகு கடையில் எந்த அளவையும் அவள் ஒருமுறை பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

யாழ்ப்பாணம் கிட்ட. பேராதனைக்குப் பெயர் பெரிது. கொழும்பு என்றால் செலவு. பௌதிகவியலை மேலே வரைக்கும் படிக்க நினைக்கிற பிள்ளைக்கு எது நல்லது என்று படித்தவர்கள் சொல்லுங்கள்.

மல்லாவி_மாமா (ஞாயிறு இரவு)

தம்பி, நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை பொறியியலுக்கு வருவதே பெரிய காரியம். பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். நான்கு வருடத்தில் வெளியே வந்தால் ஒரு தொழில் கையில் இருக்கும். பௌதிகவியல் படித்து வந்து என்ன வேலை? என் அண்ணன் மகன் விஞ்ஞானப் பட்டம் எடுத்துவிட்டு நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தான், அந்த வீட்டின் கஷ்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். எல்லையில் நிற்கிறாள் என்றால் பொறியியலை முதலில் போடுங்கள், கிடைக்காவிட்டால் பௌதிக விஞ்ஞானம் தானாக வரும்.

முறிகண்டி_வாத்தி (திங்கள் காலை)

மாமா சொன்னதில் ஒரு விடயத்தை முதலில் தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்குதான் எல்லாம். மேலே இருக்கிற தெரிவுக்கு உங்கள் புள்ளி போதுமென்றால் அதோடு முடிந்தது, கீழே இருப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை. பொறியியலை முதலில் போட்டு அதற்குப் புள்ளி போதுமாக வந்தால் அவள் பொறியியல் மாணவிதான், பௌதிகவியல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் "சும்மா மேலே போட்டு வைப்போம்" என்று எதையும் போடாதீர்கள். உண்மையில் எது வேண்டுமோ அதுதான் முதலாவது வரி.

மாவட்ட ஒதுக்கீட்டையும் சொல்லிவிடுகிறேன். இடங்களில் 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமை, 55 வீதம் வரை மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. ஆனால் உள்ளே போன பிறகு ஒதுக்கீடு கிடையாது. கொழும்பிலும் கண்டியிலும் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்து வந்த பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து ஒரே வினாத்தாள் எழுத வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், பௌதிகவியல் மாணவி ஆவது கம்பஸுக்குள் நுழையும் நாளில் நடப்பதில்லை. நீங்கள் நுழைவது பௌதிக விஞ்ஞானத்துக்கு, மூன்று பாடம் எடுத்துக்கொண்டு. மூன்று வருடம் படித்து 90 திறமைப் புள்ளிகளோடு வெளியே வந்தால் பொதுப் பட்டம். நான்கு வருடம், 120 புள்ளி, அதுதான் சிறப்புப் பட்டம், எங்கள் பேச்சில் ஸ்பெஷல். ஸ்பெஷலுக்கு எடுபடுவது ஆரம்ப வருடங்களின் பெறுபேற்றை வைத்து, இடமும் கொஞ்சம்தான். மேற்படிப்புக்குப் போக நினைக்கிறவளுக்கு அந்த நான்காவது வருடமும் அதில் செய்கிற ஆய்வுத் திட்டமும் இல்லாமல் முடியாது. ஆகவே "எந்தக் கம்பஸ் பெரிது" என்று கேட்பதை விட, "எந்த இடத்தில் என் தங்கை ஸ்பெஷலுக்குள் போவாள், அங்கே அவள் கைக்கு என்ன கருவி வரும்" என்று கேளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் ஸ்பெஷல் செய்தவன், இப்போது முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தரத்துக்குப் படிப்பிக்கிறேன். மீள்குடியேறி வந்து நான் ஏ.எல் படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடம் நான்கு சுவரும் ஒரு மீற்றர்ப் பாலமும்தான், பாலத்தில் கம்பியும் இல்லை. அமைப்புக் கட்டுரையின் முதல் வினா அளவீட்டிலிருந்து வரும் என்று தெரியும், அதனால் ஒளியை நிறமாகப் பிரித்துப் பார்க்கிற திருசியமானியின் படத்தைப் பாகம் பாகமாகப் பாடமாக்கினேன். நிஜத் திருசியமானியை முதன்முதலில் தொட்டது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற கம்பஸில், முதலாம் வருட லாப்பில். இருட்டறையில் சோடிய விளக்கைக் கொளுத்திவிட்டு மேசையை மட்டமாக்கச் சொன்னார்கள். எந்தத் திருகைத் திருப்புவது என்று தெரியாமல் நாற்பது நிமிடம் நின்றேன். ஆய்வுகூட உதவியாளர் வந்தவர் ஒன்றும் பேசவில்லை, என் கையைப் பிடித்துத் திருகின் மேல் வைத்து, தொலைகாட்டிக்குள் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்பச் சொன்னார். பிளவின் விம்பம் மஞ்சளாகக் கூர்மையாகி வந்தது. அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

பிறகொரு நாள் கிரேற்றிங் (நெருக்கமாகக் கோடு கீறிய தகடு) வைத்துப் பார்த்தபோது, ஏ.எல்லில் ஒரு கோடு என்று நினைத்திருந்த அந்த மஞ்சள் இரண்டாம் வரிசையில் இரண்டாகப் பிரிந்து நின்றது. 589.0, 589.6 நானோமீற்றர். பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி. கண்ணால் கண்டவனுக்கு அது ஏன் இரண்டு என்ற கேள்வி வரும், அந்தக் கேள்விதான் என்னைக் குவாண்டம் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

எனவே என் கருத்து, யாழ்ப்பாணம் குறைந்த தெரிவு இல்லை. சூரியக் கலங்களில் அங்கே நல்ல ஆய்வு நடக்கிறது, நோர்வேப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு வேலையும் உண்டு. மொழியால் வரும் பயம் பாதி குறையும். விரிவுரை ஆங்கிலத்தில்தான், ஆனாலும் விளங்காததைத் தமிழில் போய்க் கேட்க ஆள் இருக்கும்.

ஹந்தானைப்_பனி (திங்கள் இரவு)

நான் புதுக்குடியிருப்பு, பேராதனையில் பௌதிகவியல் ஸ்பெஷல். வாத்தி அண்ணா சொன்னதில் நிறைய ஒத்துக்கொள்கிறேன், கடைசிப் பந்தியை மட்டும் இல்லை.

தமிழில் கேட்க ஆள் இருப்பது முதலாம் வருடத்துக்கு உதவிதான், ஆனால் அதுவே பழகிவிட்டால் நாலாம் வருடத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது ஆங்கிலம் கைகொடுக்காது. நான் போன முதல் இரண்டு மாதம் விரிவுரையில் ஒன்றும் பிடிபடவில்லை. உந்தம், சடத்துவத் திருப்பம், மேற்பரப்பிழுவை எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, அதே பொருள் ஆங்கிலப் பெயரில் வந்தபோது வேறு பாடம் மாதிரி இருந்தது. ஒரு கொப்பியில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு செமஸ்ரர் முடிய அந்தக் கொப்பி தேவைப்படவில்லை. அந்தக் கஷ்டம் எங்கே போனாலும் வரும், சீக்கிரம் வந்தால் நல்லது.

இதோடு சேர்த்து ஒன்று, இப்போதிருந்தே யூரியூப்பில் தமிழ்நாட்டு வகுப்புகள் பார்க்கிறாள் என்றால் கவனம். நாங்கள் திணிவு என்பதை அவர்கள் நிறை என்பார்கள், நாங்கள் நிறை என்பதை அவர்கள் எடை என்பார்கள். என் மாணவி ஒருத்தி இதில் குழம்பி ஒரு முழுக் கணக்கையும் பிழையாகச் செய்திருந்தாள்.

பேராதனையை நான் சொல்வதற்குக் காரணம் பெயர் இல்லை. விஞ்ஞான பீடத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகம் இருக்கிறது. ஒடுங்கிய சடப்பொருள், சாயமேற்றிய சூரியக் கலம் என்று முழுநேரமும் ஆய்வு செய்கிறவர்கள் அங்கே. ஒரு கருத்தரங்குக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்து கேட்டாலே, ஆய்வு என்பது ஒரு மனிதர் நாள்தோறும் போய்ச் செய்கிற வேலை என்று விளங்கும். வன்னியில் வளர்ந்த எனக்கு அப்படியொரு ஆளை அதற்கு முன் பார்க்கக் கிடைக்கவில்லை. மருத்துவப் பௌதிகவியலில் முதுகலை செய்ய விரும்பினால் பேராதனை வளாகத்திலேயே விஞ்ஞானப் பட்டப்பின் நிறுவகமும் இருக்கிறது.

இன்னொன்று, சிங்களப் பிள்ளைகளோடு லாப் சோடியாக நிற்கும்போது மொழி தானாக வந்துவிடும். என் சோடி குருநாகல் பிள்ளை. நான் கணக்கைப் பார்ப்பேன், அவள் சுற்றை இணைப்பாள். இன்றைக்கும் அவள் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். தூரம் என்று பயப்பட வேண்டாம், ஏ9 வீதி நேரே கண்டிக்குத்தான் போகிறது, பரந்தன் சந்தியில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம்.

மல்லாவி_மாமா (திங்கள் இரவு)

பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாகச் சொல்கிறீர்கள். ஆனால் வேலைக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

முறிகண்டி_வாத்தி (செவ்வாய்)

மாமா, நியாயமான கேள்வி. நான் ஆசிரியன், சம்பளம் பெரிதில்லை, ஆனால் எங்கள் மாவட்டத்தில் உயர்தரப் பௌதிகவியலுக்கு ஆள் இல்லாத பள்ளிக்கூடங்கள் இருப்பது உங்களுக்கே தெரியும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கிற இடங்களில், மஹரகமவில், தெல்லிப்பழையில், கதிரின் அளவைக் கணக்கிட மருத்துவப் பௌதிகவியலாளர் வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் இருக்கிறது. ஸ்பெஷல் செய்துவிட்டுக் கணினித் தரவுப் பக்கம் போனவர்களும் என் பச்சில் உண்டு. நியமனத்தை மட்டும் நம்பி வீட்டில் இருந்தால் கஷ்டம், அதை நான் மறைக்கவில்லை. பொதுப் பட்டத்தோடு நின்றவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் கூட, அதனால்தான் ஸ்பெஷல் ஸ்பெஷல் என்று அடித்துச் சொல்கிறேன்.

ஹந்தானைப்பனி தங்கைக்கு: கருத்தரங்கு விடயம் சரி. நான் அதைக் குறைத்துத்தான் நினைத்திருந்தேன்.

நெடுங்கேணி_நிலா (செவ்வாய்)

கொழும்பையும் யாராவது சொல்ல வேண்டுமல்லவா. நான் அங்கே படித்தேன், இப்போது அமெரிக்காவில் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டத்துக்கு இரண்டாம் வருடம். கொழும்பில் பௌதிகவியலோடு பொறியியல் பௌதிகவியல் என்றும் ஒரு சிறப்புப் பட்டம் இருக்கிறது, இலத்திரனியல், கருவியியல் பக்கம் சாய்ந்தது. மோட்டர்க் கடையில் வளர்ந்த பிள்ளை, வீட்டார் பொறியியல் கேட்கிறார்கள் என்றால் அதைக் கட்டாயம் பாருங்கள். குவாண்டம் பௌதிகவியலில் பெயர்பெற்ற டிராக்கிடம் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த எலியேசர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்துத்தான் போனார், அண்டக்கதிரில் வேலை செய்த பேராசிரியர் மயில்வாகனம் அங்கேதான் பல்லாண்டு படிப்பித்தார். இருவரும் எங்கள் ஆட்கள், எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையில் கவலை. வானியலில் ஆசை இருந்தால் மொரட்டுவையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தில் 45 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டி இருக்கிறது.

செலவு கூடத்தான். விடுதி கிடைக்காத வருடத்தில் அறை வாடகை கழுத்தை நெரிக்கும். மகாபொல உதவிப்பணம் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆனது, அது சாப்பாட்டுக்கே போதாது.

வெளிநாடு போக நினைத்தால் இதைக் கேளுங்கள். அமெரிக்காவில் பௌதிகவியல் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் நாங்கள் காசு கட்டுவதில்லை, கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பித்தல் உதவியாளர் வேலைக்கு மாதச் சம்பளமும் தருவார்கள். விண்ணப்பத்தில் அவர்கள் பார்ப்பது நான்கு வருடப் பட்டமா, புள்ளி என்ன, அதற்கு மேல் உங்களை நன்றாகத் தெரிந்த மூன்று பேர் எழுதும் கடிதம். நூறு பேர் இருக்கிற வகுப்பில் உங்கள் பெயர் தெரியாத பெரியவரின் கடிதத்தை விட, உங்களோடு ஆறு மாதம் ஒரு பரிசோதனையில் நின்று திட்டித் திருத்தியவரின் கடிதம் பெறுமதி. அப்படி ஒருவர் யாழ்ப்பாணத்திலும் கிடைப்பார், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கிடைப்பார்.

செட்டிகுளம்_கண்ணன் (செவ்வாய் இரவு)

வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனியாக வந்துவிட்டதே, அது இன்னும் வசதி இல்லையா? அப்புறம் இந்தியா? நேரு நினைவுப் புலமைப்பரிசில் என்று இந்திய உயர்ஸ்தானிகராலயம் கொடுக்கிறதே.

முறிகண்டி_வாத்தி (செவ்வாய் இரவு)

வவுனியாவின் பம்பைமடுப் பிரயோக விஞ்ஞான பீடம் பிரயோக கணிதம், கணினி, சுற்றாடல் பக்கம் சாய்ந்தது. கணினி விருப்பமென்றால் போகலாம், பௌதிகவியல் மட்டும்தான் என்கிறவளுக்குப் பொருந்தாது. இந்தியாவுக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணமும் தங்குமிடச் செலவும் தருவார்கள், நல்ல வாய்ப்பு. சென்னைக் கணித நிறுவனத்தில் கணிதமும் பௌதிகவியலும் சேர்ந்த சிறப்புப் பட்டமே இருக்கிறது. ஆனால் புலமைப்பரிசிலை நம்பி இங்குள்ள விண்ணப்பத்தைப் பிந்த விடாதீர்கள், இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

பரந்தன்_வைண்டிங் (புதன்)

எல்லோருக்கும் நன்றி. வாசித்துக் காட்டினேன். தங்கை தானே எழுத வேண்டும் என்கிறாள், என் கணக்கிலேயே எழுதுகிறாள்.

அண்ணா, அக்கா, மாமா எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு பயம். ஒன்று, இரசாயனவியல் சி. இரண்டு, கணிதம் பி. பௌதிகவியலில் ஏ எடுத்தது கடந்தகால வினாத்தாளைத் திரும்பத் திரும்பச் செய்ததால். ஐம்பது பல்தேர்வையும் நேரத்துக்குள் முடிக்கப் பழகினேனே தவிர, உண்மையில் எவ்வளவு விளங்கியிருக்கிறது என்று தெரியவில்லை. அப்படியான ஒருத்தி ஸ்பெஷலுக்குப் போக முடியுமா?

ஹந்தானைப்_பனி (புதன்)

தங்கச்சி, இரசாயனவியல் சியை மறந்துவிடுங்கள், அதை மூன்றாவது பாடமாக எடுக்கத் தேவையே இல்லை. கணிதத்தைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டாம் வருடத்தில் பௌதிகவியல் முழுக்கக் கணிதத்தில்தான் பேசும், வகையீட்டுச் சமன்பாடு, காவி (வெக்ரர்) நுண்கணிதம், நேர்கோட்டு அட்சரகணிதம். பாடச் சேர்மானத்தைத் தெரிவுசெய்யும்போது சுலபமான பாடத்தைக் கொண்டு புள்ளியைக் கூட்டப் பார்க்காமல் கணிதத்தை இறுகப் பிடியுங்கள். என் பச்சில் பௌதிகவியல் நன்றாக விளங்கியும் கணிதத்தை விட்டதால் ஸ்பெஷல் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. கம்பஸ் தொடங்க இன்னும் மாதக்கணக்கு இருக்கும், அதற்குள் தொகையீட்டை முதலிலிருந்து ஒருமுறை செய்யுங்கள், கொஞ்சம் பைதனும் பழகுங்கள். எவ்வளவு விளங்கியது என்று உங்களுக்கே சந்தேகம் வருகிறது என்றால் நீங்கள் சரியான பிள்ளைதான்.

முறிகண்டி_வாத்தி (புதன்)

பிள்ளை, படிவத்தை அனுப்ப முன்னர் ஒருநாள் திருநெல்வேலிக்குப் போய் வாருங்கள். பரந்தனிலிருந்து காலை பஸ்ஸில் போனால் பின்னேரம் வீட்டில் நிற்கலாம். தெரிந்த சீனியர் யாரையாவது பிடித்துக்கொண்டு லாப்பைப் பாருங்கள். ஒரு கருவிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். லாப் ரிப்போர்ட்டைத் திருத்தித் திருப்பித் தருகிறார்களா, எவ்வளவு நாளில் தருகிறார்கள் என்று கேளுங்கள். எனக்கு முதல் ரிப்போர்ட் சிவப்பு மையில் "வழு எங்கே?" என்ற ஒரே கேள்வியோடு திரும்பி வந்தது. விடை சரியாகத்தான் இருந்தது, ஆனால் அதை எவ்வளவு நம்பலாம் என்று நான் எழுதவில்லை. அப்படி வாசித்துத் திருப்பித் தருகிறவர் இருக்கிற இடம்தான் உங்களுக்கு நல்ல இடம்.

பரந்தன்_வைண்டிங் (ஞாயிறு)

வெள்ளிக்கிழமை போய் வந்தோம், ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மூன்றாம் வருடம், அவன் கூட்டிக்கொண்டு போனான். நான் வாசலில் நின்றேன், அவள் உள்ளே ஒன்றரை மணித்தியாலம். வெளியே வந்து பஸ்ஸில் ஆனையிறவு தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள், அங்கே அலைவுகாட்டி ஒன்றில் மெயின் கரண்டின் அலையைக் காட்டினார்களாம், ஒரு செக்கனுக்கு ஐம்பது என்று நான் மோட்டருக்குச் சொல்கிற ஐம்பதுதானே அண்ணா அது என்று.

நேற்று இரவு அப்பாவோடு இருந்து பட்டியல் போட்டோம். அப்பா மல்லாவி மாமா எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசியில் அவர்தான் பேனையை அவளிடம் கொடுத்தார். முதலாவது பேராதனை பௌதிக விஞ்ஞானம், இரண்டாவது யாழ்ப்பாணம், மூன்றாவது கொழும்பு, அதற்குப் பிறகுதான் பொறியியல். பேராதனை ஏன் மேலே என்று கேட்டேன். யாழ்ப்பாணம் பிடித்திருக்கிறது, ஆனால் தூரப் போனால்தான் ஆங்கிலத்துக்குப் பயப்படுவது நிற்கும் என்கிறாள்.

ஹந்தானைப்பனி அக்காவிடம் ஒரு கேள்வி, அங்கே குளிருக்குக் கம்பளி கொண்டு போக வேண்டுமா? அம்மா கேட்கச் சொன்னா.

ஹந்தானைப்_பனி (ஞாயிறு)

ஒரு கனமான போர்வையும் ஒரு சுவெட்டரும் போதும். டிசம்பர், ஜனவரியில் விடியப்புறம்தான் குளிர். குடை கட்டாயம். அந்தத் திருகுக் கணிச்சியையும் கொடுத்து விடுங்கள் தம்பி, முதலாம் வருட லாப்பில் தன் கருவியின் பூச்சிய வழுவைத் தெரிந்து வைத்திருக்கிறவளோடு சோடி சேர எல்லோரும் விரும்புவார்கள்.

பரந்தன்_வைண்டிங் (ஞாயிறு இரவு)

அது அவளுடைய பையில் ஏற்கனவே இருக்கிறது அக்கா. நான் கிளிநொச்சியில் வேறொன்று வாங்கிவிட்டேன், அதையும் மூடிப் பார்த்து ஒரு கோடு என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள்.